மிக்சி கப்ளர் வாராக் காதை

தாராவி தொண்ணூறடிச் சாலையின் பின்சந்தில், பஞ்சுவின் மிக்சி ரிப்பேர்க் கடை வாசலில், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இருந்தோர்: தோல்பைப் பட்டறையின் கட்டிங் மாஸ்டர் நயினார், அவன் மனைவி இசக்கிசெல்வி, பக்கத்து வீட்டு ருக்சானா, கடைக்காரன் பஞ்சு, வேலைவெட்டி இல்லாத நாலு பேர், மற்றும் பல்லெல்லாம் தேய்ந்து பலகைமேல் மல்லாந்து கிடந்த கப்ளர், அதாவது மிக்சி ஜாரை மோட்டாரோடு பிணைக்கும் ரப்பர்ச் சக்கரம்.

வாழ்க நயினார்! ஒரே வீச்சில் ஆறு தோலை அறுக்கும் வாட்கையோன் வாழ்க! பேரம் படியாத கடையில் பச்சைத்தண்ணீரும் அருந்தாத மானமறவன், கைப்பேசி ஏந்திய களிறு, இலவச டெலிவரியின் தலைமகன், அவன் புகழைப் பாடப் புகுந்தோம். கேட்பவர்க்கு வேறு வேலை இருக்காது என்று நம்புகிறோம்.

புதுக் கப்ளர் அறுபது ரூபாய் என்றான் பஞ்சு.

"கட்டைவிரல் தண்டி ரப்பருக்கு அறுவதா? பகல்கொள்ளை அடிக்கியாலே?"

"கம்பெனி பீஸ் அண்ணாச்சி. வேண்டாம்னா விடுங்க."

அப்போது, ஊழிக்காற்றில் உலுங்கும் மலைபோல் மீசை உலுங்க, நாலு பேரும் நாற்றிசையும் சாட்சியாக, நயினார் வஞ்சினம் உரைத்தான்: "இனி இந்தக் கடைப் படியை மிதிச்சா நான் நயினார் இல்ல!"

அன்றே கைப்பேசியில் கப்ளர் வாங்கினான். முப்பத்தொன்பது ரூபாய், டெலிவரி இலவசம், ஐந்தே நாள். அதற்கு அடுத்த வாரச் சனிக்கிழமை மதியம் டோம்பிவிலியிலிருந்து இசக்கிசெல்வியின் அண்ணன் குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார். நாள் ஏராளம்.

"எங்கண்ணனுக்குத் தேங்கா அரைச்சுவிட்ட மீன்கொழம்பு வேணும்," என்றாள் அவள். "மதினி கண்ணு முன்னால இரவல் மிக்சிக்குப் போயி நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

டிராக்கிங் என்னும் தேவியே, உன்னை வணங்குகிறோம்! கண்ணிருந்தும் காணாதவளே, கேட்காமலே பொய் சொல்பவளே, உன் அருளால் அந்தப் பொதி சூரத்தில் புறப்பட்டு, பிவண்டி அடைந்து, தாராவி ஒரு டெம்போ தூரத்தில் இருக்க அதைப் புறக்கணித்து, யார் சாபமோ நாக்பூர் நோக்கி வனவாசம் ஏகி, அங்கே மூன்று நாள் தவமிருந்து, மெலிந்தும் வாடியும் மீண்டும் பிவண்டி வந்து சேர்ந்தது. மூன்று முறை 'அவுட் ஃபார் டெலிவரி' என்று நீ சங்கூதினாய். மூன்று முறையும் நயினார் பட்டறைக்கு மட்டம் போட்டுச் சந்துமுனையில் எல்லைச்சாமியாக நின்று, சாப்பாடு கொண்டுவந்தவனை மறித்தான். கரண்ட் பில் கொண்டுவந்தவனை மறித்தான். முதுகில் பை மாட்டியிருந்த குற்றத்துக்காக டியூஷன் வாத்தியாரையும் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னான்.

இதற்கிடையே இரு வீட்டுச் சட்னியையும் ஒற்றை ஆளாய்ச் சுமந்த ருக்சானாவின் மிக்சி, பத்தாம் நாள் வியாழக்கிழமை, புகை கக்கி வீரமரணம் எய்தியது.

"செல்வி, இப்ப ரெண்டு வீட்லயும் சட்னி இல்ல," என்றாள் ருக்சானா. "ஒம் மாப்பிள்ளைக்குச் சந்தோசம்தானே? கேட்டுச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்தது. ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. அதில் நயினாருக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று: ஆர்.டி.ஓ. செகண்ட்-ஹேண்ட் ஸ்கூட்டரில் நான்கு முறை பிடிபட்டவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

"வண்டியை மறிச்சு எம் பார்சலைப் பிடிச்சு வச்சிருக்கான்!" என்று முழங்கினான்.

"மிக்சி சாமானுக்கு எதுக்குங்க லைசென்சு?" என்றாள் இசக்கிசெல்வி.

பேதையின் வினாவுக்கு வீரர் விடையிறுப்பதில்லை. ஆதார் அட்டை, போட்டோ இரண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கூட்டரின் புகைச் சான்றிதழ் ஆகிய முப்படை சூழ, சிறைப்பட்ட கப்ளரை மீட்க வடாலா ஆர்.டி.ஓ. அலுவலகம் நோக்கிப் பேருந்தேறினான். அங்கே பாம்பென நெளிந்த வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று சாளரம் அடைந்தான்.

"கௌன்சி காடி?" என்று, எந்த வண்டி என இந்தியில் கேட்டார் உள்ளிருந்தவர்.

"மிக்சி, சாப்."

"நெக்ஸ்ட்!"

அந்த ஒரு சொல்லால் வீழ்த்தப்பட்டு வெளியே வந்தவனின் கைப்பேசியை, வாசலில் நின்ற லைசென்ஸ் ஏஜெண்ட் ஷாகுல் ஹமீது வாங்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் முயன்றதாகத் தெரியவில்லை.

"அண்ணே, இது வேற ஆர்.டி.ஓ. ரிட்டர்ன் டு ஒரிஜின். பார்சல் வந்த வழியே சூரத்துக்குப் போவுது. கீழ பாத்தீங்களா, நீங்களே வாங்க மாட்டேன்னுட்டீங்களாம்."

பதினோரு நாள் தவங்கிடந்தவனைப் பார்த்து வாங்க மறுத்தான் என்ற பழிச்சொல்! வடாலா வானம் இடிந்து விழவில்லை. பேருந்தும் நேரத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமை விடிந்து, பன்னிரண்டும் ஆயிற்று.

"மீன் கழுவியாச்சு. தேங்கா துருவியாச்சு. அண்ணன் ரயில் ஏறியாச்சு," என்றாள் இசக்கிசெல்வி. "நீங்க இன்னும் செருப்பு போடல."

எழுந்தான் நயினார். வென்ற நாடுகளையெல்லாம் இழந்து முடியைக் கையில் ஏந்தி நடக்கும் மன்னனைப்போல், நாலு பேரும் நாவடைத்து நோக்க, ஒவ்வோர் அடியிலும் ஓராண்டு மூத்து, தன் பெயரையே பணயம் வைத்துரைத்த வஞ்சினத்தைத் தன் காலாலேயே மிதிப்பவனாய், ஒருநாளும் வணங்காத தலையைக் கதவின் உயரத்துக்குத் தாழ்த்தி, மிதிக்கமாட்டேன் என்ற அந்தப் படியை மிதித்து நின்று, தெருவே கேட்க அறிவித்தான்: "பஞ்சு! தப்பு எம்மேலதான்! ஒன்னக் கொள்ளக்காரன்னு சொன்னது தப்பு!"

பஞ்சு நிமிர்ந்து பார்த்தான்.

"என்னைக்குச் சொன்னீங்க? சரி, நாலு மணிக்கு வாங்க அண்ணாச்சி."

கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனான்.