ஓக்பூன் அம்மாளின் கைப்பக்குவம்

"மாமா, மறுபடியும் ஃபிரேமுக்குள்ள வந்துட்டீங்க," என்றாள் நாரே.

அடுப்பங்கரை வாசலில் நின்ற மாமனார் பியோங்சு ஒரு காலைப் பின்னால் எடுத்தார். மற்றக் கால் உள்ளேயே இருந்தது.

"தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்."

"இப்பத்தானே குடிச்சீங்க?"

"திரும்பவும் தாகமா இருக்கு," என்றவரின் கண், குவளையை விட்டுவிட்டு வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாரே பொறுமையாக அவர் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூடத்துக்கு அனுப்பி வைத்தாள். ஆண் நிழல்கூட விழாத அடுப்பங்கரைதான் அவளுடைய படம்.

இது நாரேயின் மூன்றாவது குறும்படம். அலுவலகத்தில் பெண்களே காபி கலக்குவதைப் பற்றி ஒன்று எடுத்தாள், பெண்கள் கழிப்பறை வரிசையைப் பற்றி இன்னொன்று. இரண்டையும் பார்த்த பெண்கள் திரைப்பட விழாக்காரர்கள், இந்த மூன்றாவது நன்றாக வந்தால் தொடக்க நாளிலேயே போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கொரிய அறுவடைத் திருநாளான சுசோக் பண்டிகையில் பெண்கள் முதுகு ஒடியச் சமைக்கிறார்கள், ஆண்கள் பட்டு உடுத்திக்கொண்டு மூதாதையரைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். இதுதான் படம். கடைசிக் காட்சி அவள் மனத்தில் எப்போதோ எடுத்து முடித்தாயிற்று. மாமனாரின் சித்தப்பா மன்ஹோ ஒவ்வொரு வருஷமும் சூப்பை உறிஞ்சிவிட்டு, சமைத்தவளை ஏறிட்டும் பார்க்காமல், சுவரைப் பார்த்து "இந்த வீட்டுச் சாப்பாடு சாப்பாடுதான்" என்பார். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் போதும். தவறினால் அடுத்த சுசோக் வரை படமும் இல்லை, விழாவும் இல்லை.

சிக்கல் மாமியார் ஓக்பூன்தான். ஆண்டோங் வட்டாரத்தில் அவள் கைப்பக்குவத்துக்கு அவ்வளவு பேர். ஆனால் கல்யாணமானதிலிருந்து ஒரு பண்டிகைக்கும் மருமகளை அடுப்பங்கரைக்குள் விட்டதில்லை. முதல் நாளே மகனையும் மருமகளையும் வெந்நீர்க் குளியலுக்கோ சினிமாவுக்கோ துரத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். பாவம், பாரத்தைக்கூடப் பங்கு போடத் தெரியாமல் வளர்த்துவிட்டார்களே என்று நாரே நிஜமாகவே பரிதாபப்படுவாள். இந்த வருஷம் அழாத குறையாகக் கெஞ்சி, கேமராக்காரத் தோழி தாமியோடு உள்ளே நுழைந்துவிட்டாள்.

ஓக்பூன் மீன் துண்டை மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, வாணலியில் போட்டாள். அது அடியில் பிடித்துக்கொண்டது.

"கேமரா இருக்கிறதையே மறந்துடுங்க அத்தை."

"கேமராவை யாரு நினைச்சா? இந்த மீனு வர மாட்டேங்குது."

கூடத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது. ஓக்பூன் சட்டென்று தீயைக் குறைத்தாள். இன்னொரு இருமல் வந்தது. மீனைத் திருப்பிப் போட்டாள்.

தாமி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "நாரே, உங்க மாமாவோட இருமல் பூரா ரெக்கார்ட் ஆகுது. எண்ணெய் பொரியிற சத்தமே கேக்கல."

"இன்சோக்," என்று நாரே கணவனைக் கூப்பிட்டாள். "மாமாவை ஊர் மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இருட்டுற வரைக்கும் வர வேண்டாம்."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார் பியோங்சு பரிதாபமாக. "வேணும்னா இருமாம இருக்கேன்."

"போய்ட்டு வாங்க மாமா. ஒரு நாளாவது நீங்க எங்க காலைச் சுத்தாம இருங்க."

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஓக்பூன் முகம் வெளிறியது. அடுத்த மீன் கருகியது. கருகினால் என்ன, உழைப்பின் களைப்பு தெரிகிறது என்று நாரே நெருக்கக் காட்சி எடுத்தாள். பெரணிக் கீரை குழைந்தது. கொழுக்கட்டை ஆவியில் வாய் பிளந்தது.

சேப்பங்கிழங்கு சூப் கொதிக்கும்போது ஓக்பூன் மூலைக்குப் போய்க் கைபேசியில் கிசுகிசுத்தாள். "அந்த வெள்ளை மாத்திரை... எவ்வளவு? ஒரு கைப்பிடியா?"

"யாருக்கு அத்தை அவ்வளவு மாத்திரை?" என்று பதறிய நாரே கைபேசியைப் பிடுங்கி அணைத்தாள். "யாரும் மாத்திரை போட வேண்டாம். நீங்க சமையலைப் பாருங்க."

ஓக்பூன் உப்பு ஜாடியை வெறித்துப் பார்த்தாள். பிறகு கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் போட்டாள். சந்தேகம் தீராமல் இன்னொரு பிடியும் போட்டாள்.

"சரியா இருக்கான்னு கொஞ்சம் ருசி பாக்கலாமே?" என்றாள் தாமி.

மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் மறுத்தார்கள். படைப்பதற்கு முன்னால் மூதாதையர் சாப்பாட்டில் நாக்கு வைப்பவர்கள் அந்த வீட்டில் கிடையாது. எவ்வளவு புதுமைப் படம் எடுத்தாலும் நாரேயும் அதை மீறத் துணியவில்லை. கிணறு வெட்டியாயிற்று, பூதம் மட்டும் காலையில் வருவதாக இருந்தது.

காலையில் மன்ஹோ சித்தப்பா வந்தார். பேரிக்காயும் இலந்தையும் இடம் மாறியிருந்ததற்காகப் படையல் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போன மனிதர் அவர். ஆண்கள் கும்பிட்டார்கள், பெண்கள் வாசலோரம் நின்றார்கள். நாரே நினைத்தபடியே எல்லாம் பதிவாயிற்று. அதன்பின் சாப்பாட்டு மேசை வந்தது.

இன்சோக் முதல் கரண்டியை விழுங்கிவிட்டுத் தண்ணீர்க் குவளையைத் தேடினான். பியோங்சு ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாசலோரம் நின்ற ஓக்பூன் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். காய்ந்த துணி.

"சித்தப்பா முகத்தை விடாதே, சுவர்ப் பக்கம் திரும்புவார்," என்று நாரே தாமியின் காதில் ஓதினாள். எழுந்து போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

கிழவர் சூப்பை வாயில் வைத்தார். விழுங்க நேரம் எடுத்துக்கொண்டார். கருகிய மீனைச் சாப்பாட்டுக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். குச்சிகளை மேசை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஆனால் சுவரைப் பார்க்கவில்லை, பியோங்சுவைப் பார்த்தார்.

"ஏன்டா, உங்கப்பன், எங்கப்பன், எல்லாருமே கதவைச் சாத்திக்கிட்டுச் சமைச்ச வீடுடா இது. உனக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சுன்னு, பாவம், ஓக்பூனைப் போய் அடுப்புல விட்டே?"