மச்சான் ஒரு புதுப் பெட்டி வாங்க வேண்டும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் இதே மூச்சில் கேட்டுவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள், உன் செல்ல மருமகள், வேலையை விடப் போகிறாளாம். ‘வர்ற திங்கக்கிழமை போய்ச் சொல்லிட்டு வந்துடறேம்பா. எனக்கு இந்த வேலை வரல’ என்கிறாள். சின்ன வயதில் வாசல்படியில் தடுக்கி விழுந்தால்கூடப் படி மேல் பழி போட்டுவிட்டுத்தான் அழுவாள். அப்படிப்பட்ட பெண் இப்போது எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால் ‘பசிக்கல’ என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை மச்சான்.

எல்லாம் அந்த நரியால் வந்தது. வீடு வீடாகத் தபால் கொண்டுபோகுமே, அவள் கம்பெனி வீடியோ கேம் நரி, அதுதான். முதல் நான்கு பாகத்தையும் நீ வேலைக்கு மட்டம் போட்டு விளையாடியவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் பாகம் போன மாதம் வந்தது. அதில் வருகிற தெருவும் மழையும் முழுக்க நம் பெண் செய்தது. நாலாம் பாகம் விற்றதில் பாதிகூட இது விற்கவில்லை. அவள் மேலாளர் எல்லோரையும் உட்கார வைத்து, ‘அதே நரி, அதே தபால், தெரு மட்டும்தான் புதுசு. அப்ப தப்பு எங்கன்னு நீங்களே யோசிங்க’ என்றாராம். யோசித்தாள். யோசித்து யோசித்துத் தன் தெருதான் மட்டம் என்று முடிவுகட்டிவிட்டாள்.

விற்பனைதானே குறைந்தது, கூட்டிவிட்டால் போச்சு என்று நான் கடைக்கு ஓடி மூன்று டிஸ்க் வாங்கி வந்துவிட்டேன். நம் வீட்டுப் பாட்டுப் பெட்டியில் ஒன்றைப் போட்டேன். கர்ர்ர் என்றது, அப்புறம் அதுவும் இல்லை. ‘என்ன சத்தம்?’ என்று எழுந்து வந்தவள் என் கையில் இருந்த மற்ற இரண்டையும் பார்த்தாள். ‘அப்பா, இதப் போட்டு விளையாட ஒரு பெட்டி வேணும்ப்பா. அது நம்ம வீட்லயே இல்லயே’ என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவளிடம் விவரம் கேட்டேன். முதல் நான்கு பாகமும் பழைய பெட்டிக்கு வந்தவையாம். அந்தப் பெட்டி ஊரில் யார் வீட்டு டிவிக்குக் கீழே பார்த்தாலும் இருந்தது, அதனால் நரி நுழையாத வீடு இல்லை. ஐந்தாவது, புதிதாக வந்திருக்கும் பெட்டிக்கு மட்டும். அதை இன்னும் யாரும் சரியாக வாங்கவில்லை. பெட்டி இருக்கிற வீட்டில்தானே டிஸ்க் விற்கும்! ‘நல்ல கேமா நாலு வரட்டும், பெட்டி வாங்கறோம்’ என்கிறார்கள் ஜனங்கள். ‘பெட்டி விக்கட்டும், நல்ல கேம் போடறோம்’ என்கின்றன கம்பெனிகள். குறுகலான சந்தில் எதிரும் புதிருமாக வந்து நின்ற இரண்டு புது டிரைவர்கள் போல, நீ போ, இல்லை நீ போ என்று கை காட்டிக்கொண்டே நிற்கிறார்கள். ‘அப்ப உன் மேல என்னடி தப்பு?’ என்றேன். ‘கணக்கு அப்படித்தாம்ப்பா. ஆனா தெரு நல்லா இருந்திருந்தா அதுக்காகவே பெட்டி வாங்கியிருப்பாங்கல்ல’ என்றாள். கணக்கு புரிகிறது, மனசு கேட்கவில்லை. நம் குடும்பத்துப் புத்தி வேறெப்படி இருக்கும்?

சரி, குறை பெட்டியில்தானே, ஊரில் பெட்டியைப் பெருக்கிவிடுவோம் என்று கிளம்பினேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். ஸ்கூலை மூடி ஓய்வுபெற்றுவிட்டாலும் என்னைப் பார்த்தால் இன்னும் தானாக சீட் பெல்ட்டைத் தேடுகிறார்கள். முதலில் பல் டாக்டரைப் பிடித்தேன். ரிவர்ஸ் எடுத்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள், என்னால்தான் லைசென்ஸ் வாங்கினார். ‘காத்திருக்கிறவங்களுக்குப் பொழுது போகணும்ல டாக்டர்’ என்று சொல்லிச் சொல்லி ஒரு பெட்டி வாங்க வைத்தேன். இப்போது உள்ளே கூப்பிட்டால் ஒருவரும் எழுந்திருப்பதில்லையாம். கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கிய ஒருவர், ‘இந்த கோல் மட்டும் போட்டுட்டு வர்றேன் டாக்டர்’ என்கிறாராம். கோல் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. போய்ப் பார்த்தால் பெட்டியோடு இலவசமாக ஒரு கால்பந்து கேம் வருகிறது, எல்லோரும் அதைத்தான் ஆடுகிறார்கள். நான் வாங்கிக்கொடுத்த நரி டிஸ்க் மேல் டீ டம்ளர் உட்கார்ந்திருக்கிறது. சலூன்காரர் வாங்கினார், அங்கேயும் கால்பந்து. பாதி முடி வெட்டிக்கொண்டவர் எழுந்துபோய் விளையாடுகிறார், வெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு பின்னாலேயே நின்று ‘பாஸ் பண்ணுங்க, பாஸ் பண்ணுங்க’ என்கிறார். மகளிடம் சொன்னேன். ‘பெட்டி இருந்தா கேம் வாங்க முடியும்ப்பா. வாங்கியே ஆகணும்னு இல்லயே’ என்றாள். ஆனாலும் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து சலூனுக்குப் போவேன்.

கடைசியில் நம் வீட்டுக்கும் ஒன்று வாங்கினேன். நானே ஓட்டிப் பார்த்தேன். நரியை நான்கு நாய்கள் துரத்துகின்றன, நான் சிவப்பு சிக்னலைப் பார்த்து நிறுத்திவிட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? இத்தனை வருஷப் பழக்கம். நாய்கள் சிக்னலை மதிக்கவில்லை. உன் அக்கா, ‘குடுங்க இப்படி, மனுஷன் நரியக் கொன்னுடுவார் போலிருக்கே’ என்று கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். அன்றோடு சரி. சமையல் முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் தரையில் பிரேக் போட்டுப் போட்டு வலது கால் சுளுக்கிக்கொண்டது.

நேற்று மத்தியானம் பாலத்துக்கிட்டே நரி மாட்டிக்கொண்டது. மழை கொட்டுகிறது, தபால் நனைகிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. உன் அக்காவுக்கு வந்ததே ஆத்திரம்! ‘எவ இந்த மழையப் பெய்ய வெச்சது? அவ மட்டும் என் கையில கெடச்சா இருக்கு!’ என்று கத்தினாள். அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, ‘நாந்தாம்மா’ என்று ஒரு குரல். எவ்வளவு நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. உன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘நீதானா? எனக்கே சேலை நனைஞ்ச மாதிரி இருக்குடி. எப்படிப் பண்ண?’ என்றாள். பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டது. நான் கண்ணாடியைத் துடைக்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது உன் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். ‘நீ வேலைய விடு, நான் வேணாங்கல. இந்த நரி அது வீட்டுக்குப் போய்ச் சேருமா சேராதா? அத மட்டும் சொல்லிட்டு விடு.’

‘அது ஆறாம் பாகத்துலதாம்மா வரும்.’

‘ஆறாம் பாகத்துல மழைய யாரு பண்ணுவா?’

அப்படியும் திங்கட்கிழமை முடிவு மாறவில்லை, கேட்டால் ‘பாக்கலாம்மா’ என்கிறாள்.

ஆகவே மச்சான், உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். உன் டிவிக்குக் கீழே இருக்கிற அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிக் கடாசு. ‘இதுவே நல்லா ஓடுது, எதுக்குப் புதுசு’ என்று உன்னைப் போல் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களால்தான் என் பெண் சோறு சாப்பிடாமல் கிடக்கிறாள். ஒரு புதுப் பெட்டி வாங்கு. உன் ஆபீஸில் நான்கு பேரை வாங்க வை. கால்பந்து பக்கம் ஒருத்தரும் போகாமல் பார்த்துக்கொள். தாய்மாமன் இதுகூடச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்?

நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் முழங்கால் படியேறும்போது உன்னைக் கேட்காமலே ஏற வேண்டும். அக்கா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. மேலே எழுதிய எதையும் செய்து தொலைக்காதே! வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போனவளை வாயைத் திறக்கவிடாமல் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்களாம். ஜனங்க பழைய பெட்டியை விட்டு வருவதாக இல்லை, நாமே அவர்களைத் தேடிப் போவோம், ஐந்தாம் பாகத்தைப் பழைய பெட்டிக்கும் கொண்டுவருவோம் என்று மேலே முடிவாகிவிட்டதாம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு மழையை அடைப்பது யாரால் முடியும் என்று கேட்டதும், ‘நான் தூக்கவே இல்லப்பா, கை தானா மேல போயிடுச்சு’ என்கிறாள். வந்ததும் வராததுமாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அதனால் பழைய பெட்டியைக் கடாசாதே, தூசி தட்டி வை. பல் டாக்டருக்கும் சலூன்காரருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் என்னைத் தேடுகிறார்கள், அதிலும் ஒருவர் கையில் கத்தரிக்கோல் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவளும் படித்துவிட்டாள். ‘யாரையும் வாங்கச் சொல்லிக் கெஞ்சாதீங்கப்பா. மாமா விளையாடிப் பாத்துட்டு, பிடிச்சா பிடிச்சுதுன்னு சொல்லட்டும், பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு எனக்கே எழுதட்டும், நான் தாங்கிக்குவேன்’ என்கிறாள். அவள் சொன்னபடியே செய் மச்சான். பிடித்திருந்தால் அவளுக்கு எழுது. பிடிக்கவில்லை என்றால் மட்டும், அந்தக் கடிதத்தை என் பெயருக்குப் போட்டுவிடு.