பிளேயர் வாங்கப் போன கரடி

ஒரு காட்டில், வெட்டியது போக மிச்சம் விட்டிருந்த மரங்களுக்கு நடுவே, வைரக்கண்ணு என்றொரு கரடி இருந்தது. எண்ணூறு பக்க நாவல் ஒன்றில் ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தபோது அதன் பார்வை மங்கிவிட்டது. கண் டாக்டரான கொக்கு பரிசோதித்துவிட்டு, "நரம்பு போயிடுச்சு. இனிமே மரம் தெரியும், எழுத்து தெரியாது" என்றது.

அந்தப் பக்கத்தில், அக்கரையில் பிரசவ வலியில் கிடந்த மனைவியைப் பார்க்க ஒரு படகுக்காரன் வெள்ளத்தில் படகை இறக்கியிருந்தான். அவன் கரை சேர்ந்தானா? இது தெரியாமல் கரடிக்குத் தேன்கூட இறங்கவில்லை.

நூலகத்து ஆந்தை வழி சொன்னது. அந்த நாவல் ஒலிநூலாகவும் இருந்தது. ஆந்தை மூன்று படிவங்களில் கரடியின் பாதத்தைப் பதித்து வாங்கிக்கொண்டு, ஒரு மெமரி கார்டில் பதிவிறக்கித் தந்தது. "இருபத்தொரு நாள்தான். அப்புறம் தானாப் பூட்டிக்கும். ஒரு விலங்குக்கு ஒரு தடவைதான் கொடுப்போம்."

வரிசையில் பின்னால் நின்ற அணில் பொன்னுத்தாயும் அதே நாவலை வாங்கிக்கொண்டது.

கரடியின் நகம் பட்டால் செல்போன் கண்ணாடி கீறிப்போகும். அதனால் பொத்தான் வைத்த சின்ன பிளேயர் ஒன்று வேண்டும் என்று இரண்டும் குரங்கு தங்கப்பன் கடைக்குப் போயின. மூடி உடைந்த ஒன்று ஓரமாகக் கிடந்தது. அணில் அதை எடுத்து, கார்டைச் செருகி, காதில் மாட்டிக்கொண்டே வெளியே போய்விட்டது.

"உங்களுக்கு எது வேணும்?" என்றது குரங்கு. "இது நல்லா இருக்கும். விட்ட இடத்துலேர்ந்து தானாப் பாடும்."

கரடிக்கு வேண்டியதும் அதுதான். பொத்தானும் நகத்துக்கு வாகாக இருந்தது. ஆனாலும், விசாரிக்காமல் வாங்கி ஏமாந்துவிட்டால்? "நாலு பேரைக் கேட்டுட்டு வர்றேன்" என்றது.

யானை, பொத்தான் ரொம்பச் சிறிசு என்றது. வௌவால், காது கிழிகிற சத்தம் என்றது. நத்தை, ஒரு மரம் ஏறி முடிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துபோனதாகக் குறைப்பட்டது. குளத்து ஆமை, தண்ணீருக்கடியில் ஒன்றுமே கேட்கவில்லை என்றது. கரடி எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டது. யானைக்குப் பெரிய பொத்தான், வௌவாலுக்கு மெல்லிய சத்தம், நத்தைக்கு நீண்ட சார்ஜ், ஆமைக்குத் தண்ணீர் புகாத உறை. நால்வரும் குறை சொல்லாத ஒரு பிளேயரைத் தேடி அது காடு முழுக்க அலைந்தது.

ஒன்பதாம் நாள் அணில் எதிரே வந்தது. "அண்ணே, படகுக்காரன் இருக்கானே..."

"சொல்லாத தாயி. நானே கேட்டுக்கறேன்."

"எப்பண்ணே கேப்பீங்க? இந்தாங்க, என்னோடதுலயே கேளுங்க. ஒரு காதுலதான் கேக்கும், ஆனா நல்லாக் கேக்கும்."

கரடி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தது. காது வரைக்கும் கொண்டுபோனது. பிறகு, "ஒரு காதா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தபின் அதற்கே ஒரு சந்தேகம் வந்தது. படகுக்காரன் செத்திருந்தால் என்ன செய்வது என்று பயந்துதான் இப்படிச் சுற்றுகிறோமோ? அடுத்த கடை வந்ததும் அந்தச் சந்தேகம் மறந்துபோனது.

இருபத்தொன்றாம் நாள் கார்டு பூட்டிக்கொண்டது.

மறுநாள் காலை கரடியின் குகை வாசலில் ஒரு மான் நின்றது. "பிளேயர் வாங்கணும். உங்களைக் கேட்டா விவரமாச் சொல்வீங்கன்னாங்க." கரடி இரண்டு மணி நேரம் சொன்னது. மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று. உட்கார ஒரு நாற்காலி வந்தது. யானைகூட "ஐயா" என்று கூப்பிட்டது.

ஒருநாள் அந்த வரிசையைத் தாண்டி அணில் உள்ளே ஓடி வந்தது. அதன் கண் சிவந்திருந்தது. "அண்ணே, ரெண்டாந்தடவையும் கேட்டு முடிச்சுதான் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். மனசு ஆறல. யார்கிட்டயாவது சொல்லணும். நீங்கதான் படகுக்காரன் கரை சேர்ந்தானான்னு தவிச்சுக்கிட்டு இருந்தீங்க."

சொல் என்று கரடிக்கு வாய் வரை வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எதுல கேட்ட? அந்த மூடி உடைஞ்சதுலயா?"

"ஆமாண்ணே."

"ஒரு காதுல கேட்ட முடிவை எப்படித் தாயி நம்புறது?" என்றது கரடி.

ஐயா சொன்னது சரிதான் என்பதுபோல் வரிசை தலையாட்டியது. அணில் திரும்பி வெளியே போனது. அதன் வால் மறையும்வரை கரடி பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு, "அடுத்த டோக்கன்" என்றது.

நீதி: கதையைக் கேட்டு முடித்தவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்கும் கருவியை மட்டும் ஆராய்ந்துகொண்டிருங்கள். காடே உங்கள் வாசலில் வந்து நிற்கும்.