லட்சத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அக்கா தமிழ்மொழிக்கு,

தங்கை அன்புச்செல்வி எழுதிக்கொள்வது. நீயும் மாமாவும் உன் வயிற்றில் இருக்கும் ஆறு மாத ஆளும் ஆஸ்திரேலியாவில் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கடிதம் என்றால் கேட்டுக்கொள்ள வேண்டும், கேட்டுவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் அந்தச் செவ்வாய்க்கிழமை பாத்ரூமில் வழுக்கி விழுந்தாயே, கை எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தாகிவிட்டதா? பாத்ரூமுக்கு ஒரு ரப்பர் மேட் வாங்கிப் போடச் சொல்லி அம்மா தினமும் என்னிடம் சொல்கிறாள். மரியாதைகள் முடிந்தன. வாட்ஸப்பில் எழுதினால் அப்பா படித்துவிடுவார், போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால்தான் மெயில். மெயில் பார்க்க அவருக்கு இன்னும் தெரியாது.

விஷயம் இதுதான். அம்மாவுடைய பாஸ்போர்ட்டைக் காணவில்லை. விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி டிக்கெட், பருப்புப்பொடியிலிருந்து பிள்ளையைச் சுற்றப் பழைய வேட்டி வரை பெட்டியில் அடுக்கியாகிவிட்டது, பாஸ்போர்ட் மட்டும் இல்லை. அப்பாவைக் கேட்டால் "எங்கியாவது வுழுந்திருக்கும்" என்கிறார். பீரோவுக்குள்ளே, பூட்டுக்குள்ளே, பிளாஸ்டிக் உறைக்குள்ளே இருந்தது எழுந்து நடந்து எங்கே போய் விழும்? அவர்தான் ஒளித்து வைத்திருக்கிறார். மாமா மூன்று வாரத்தில் இரண்டு வாரம் சுரங்க வேலையில் கிடக்கிறார், நீ அங்கே தனியாக இருக்கிறாய், பிரசவத்துக்கு அம்மா வராவிட்டால் வேறு ஆளில்லை என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், அம்மா இரண்டு நாள் சாப்பிடாமலும் பார்த்துவிட்டாள். அவர் அசையவில்லை. காரணம், உன் டல்லிபரா திருடர்கள் ஊராம். அவரிடம் கணக்கு இருக்கிறதாம்.

அந்தக் கணக்கைக் கேள். உன் ஊரில் ஆயிரத்து இருநூறு பேர். போன வருடம் பதிவான குற்றங்கள் ஐம்பத்துநாலு. அதில் பத்தொன்பது, ஒரே ஆள் ஒரே கடையிலிருந்து பத்தொன்பது தடவை பீர் பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தது. மீதி சைக்கிள், வேலியில் கிறுக்கல், யாரோ யாருடைய தபால் பெட்டியையோ உதைத்தது. ஏதோ ஒரு இணையதளம் இதைப் பெருக்கி, லட்சம் பேருக்கு நாலாயிரத்து ஐந்நூறு குற்றம், மாநிலச் சராசரியைவிட அதிகம் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டார். "அப்பா, அங்க லட்சம் பேரே இல்லப்பா, ஆயிரத்து எரநூறு பேர்தான்" என்றேன். "இப்ப இல்ல. நாளைக்கி வந்தா?" என்றார். "லட்சம் பேரு வந்தா நாலாயிரத்து ஐந்நூறு திருட்டு நடக்கும்னு அவனே போட்டுக்கீறான். படிச்ச பொண்ணுதானே நீ?" முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்து, டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்த மனிதர். அவரிடம் நான் சதவீதம் பேசி ஜெயிக்க முடியுமா?

அதோடு விட்டாரா என்றால், இல்லை. உன் ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குரூப்பில் சேர்ந்துவிட்டார். எத்தனை காலமாக இந்த ஊரில் வசிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "என் மகள் பதினாலு மாதமாக" என்று எழுதியிருக்கிறார். சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது பல் விளக்குவதற்கு முன்னால் டல்லிபரா, சாப்பிட்டுக் கை கழுவுவதற்கு முன்னால் டல்லிபரா. மொழிபெயர்ப்புப் பொத்தானைத் தட்டித் தட்டிப் படிக்கிறார். யார் வீட்டுக் குப்பைத் தொட்டி காற்றில் சாய்ந்தாலும் "கேமரா உண்டா? கேட்டைப் பூட்டவும். வேலு, மந்தைவெளி" என்று கருத்துப் போடுகிறார். அவர்களும் "நன்றி வேலு" என்கிறார்கள். போன வாரம் ஒரு கிழவியின் பூனை காணாமல் போனபோது "வேலுவுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். முப்பது வருடமாக நாம் குடியிருக்கும் வார்டில் எந்தக் கட்சிக்காரனுக்கும் அவர் பெயர் தெரியாது. டல்லிபராவில் அவர் முக்கியப் புள்ளி.

படித்ததையெல்லாம் தெருமுனைக்குக் கொண்டுபோய்விடுகிறார். டீக்கடைக் கபாலியண்ணன் இருக்கிறாரே, அவருக்குப் பேப்பர் தேவையில்லை, அப்பா போதும். நேற்று நான் வேலைக்குப் போகும்போது காதில் விழுந்தது:

"இன்னாண்ணா, நேத்து உன் பொண்ணு ஊர்ல இன்னா பூட்ச்சு?"

"கோயி ஒண்ணு."

"கோயியா! எவன் தூக்கினான்?"

"நரின்னு போட்டுக்கீறாங்கோ. எனக்கு இன்னாவோ டவுட்டாகீது."

"நரி அங்க ரோட்ல சுத்திக்கினு கீதா?" கபாலியண்ணன் டீயை ஆற்றாமல் நின்றுவிட்டார். "அந்த ஊருக்கா அண்ணிய தனியா அனுப்பப் போற? நல்லா கீதே கதை!"

இந்தப் பேச்சு நடந்த இடத்துக்கு நாலடி தள்ளி, மழைநீர் வடிகாலுக்கு வெட்டிய பள்ளம் போன மழைக்காலத்திலிருந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. தடுப்பு என்று ஒன்றும் இல்லை. கபாலியண்ணனே உடைந்த நாற்காலி ஒன்றைப் போட்டு அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருக்கிறார். அதற்குள் இரண்டு பேர் விழுந்து எழுந்தாகிவிட்டது. மேலே ஒரு மின்கம்பி, உயரமானவர்கள் குனிந்து போகிற மாதிரி தொங்குகிறது. இதைப் பற்றி அப்பாவுக்கு எந்தக் கவலையும் இல்லை. இதற்கு லட்சத்துக்கு எத்தனை என்று யாரும் போடவில்லை அல்லவா?

அக்கா, இப்போது உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். மாசமாக இருக்கிறவளிடம் சொல்லாதே என்றாள் அம்மா, இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் செயின் தவறி விழுந்து தொலைந்துவிட்டது என்று போனில் சொன்னோமே, அது விழவில்லை. பகல் பதினோரு மணிக்கு, ரேஷன் கடையிலிருந்து வரும்போது, வண்டியில் வந்த இரண்டு பேர் கழுத்தில் கையை வைத்து அறுத்துக்கொண்டு போனார்கள். அம்மா ரோட்டில் விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது. தெரு முழுக்கப் பார்த்தது. நானும் அப்பாவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன், எங்கே போனாலும் இதே நாடகம்தான். அங்கே புகார் எழுதுகிற ரைட்டர் ரொம்ப அன்பானவர். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஆரம்பித்தார்.

"கொக்கி லூஸா இருந்துச்சாம்மா?"

"இல்ல சார். கைய வெச்சு இஸ்துக்கினு போய்ட்டானுங்கோ."

"பழைய செயின்தானே? நல்லா நெனச்சுப் பாரு. லூஸாதான் இருந்திருக்கும்."

"கழுத்து கீறிக்கீது பாருங்க சார்."

"அது கொக்கி கீறினதும்மா."

அப்புறம் அப்பா பக்கம் திரும்பினார். "இதோ பாருங்க பெரியவரே, பறிச்சான்னு எழுதினா கேஸு, கோர்ட்டு, அடையாளம் காட்டணும், பத்து வருஷம் அலைவீங்க. காணோம்னு எழுதிக் குடுங்க, அரை மணி நேரத்துல ரசீது. இந்த மாசம் நம்ம லிமிட்ல ஒரு செயின் பறிப்புகூடக் கெடையாது, தெரியுமா?" என்று பெருமையாக வேறு சொன்னார். எப்படி இருக்கும்? நடந்தாலும்தான் எழுதிக்கொள்ள மாட்டார்களே.

அப்பா எழுதினார் அக்கா. அந்த முத்து முத்தான கையெழுத்தில், "என் மனைவி நடந்து சென்றபோது கழுத்திலிருந்த சங்கிலி தவறி விழுந்துவிட்டது" என்று எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷம். அம்மா டீயைக் குடிக்கவில்லை. "அப்ப நானு பொய் சொன்னேன்னு ஆயிடுச்சு இல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நான் மட்டும் யோக்கியமா? டி. நகரில் கடை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருத்தன் என் போனைப் பிடுங்கினான். நானும் "கைத்தவறுதலாகத் தொலைத்துவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்துத்தான் புது சிம் வாங்கினேன். துணிக்கடை பில்லிங் கவுண்டரில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு ஸ்டேஷனில் சண்டை போடக் காலில் தெம்பில்லை. எங்கள் கடையில் விசாரித்துப் பார்த்தேன். ஏழு பெண்கள், ஏழு போன், ஏழும் கைதவறி விழுந்தவை. பஸ்ஸில் இடுப்பில் வைத்த கைகளும் தவறி விழுந்த கைகள்தான் போல. இந்த ஊரில் குற்றமே கிடையாது அக்கா. பொருள்களுக்குத்தான் தலைசுற்றல், தானாக விழுந்துகொண்டே இருக்கின்றன.

நேற்று இதையெல்லாம் அப்பாவிடம் கத்தினேன். "அந்த ஊரில் சைக்கிள் போனால்கூட எழுதிக்கொள்கிறான், அதனால்தான் ஐம்பத்துநாலு. இங்கே கழுத்தை அறுத்தாலும் எழுதிக்கொள்வதில்லை, அதனால்தான் சைபர். உங்களுக்கு எந்த ஊர் பயம்?" என்று கேட்டேன். அவர், "இங்க எனக்கு எல்லாம் தெரியும்மா. அங்க உங்கம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் கையில போயி எழுதிக் குடுப்பேன்?" என்றார். எனக்குக் கோபம் போய் வேறு என்னவோ வந்துவிட்டது. ஆனால் பாஸ்போர்ட்டை அவர் தரவில்லை.

எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இனி நீதான் ஏதாவது செய்ய வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டு, "பதினாலு மாசமா இருக்கேன்பா, இந்த ஊர்ல எனக்கு ஒரு தூசுகூட விழல, இங்க யாரும் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று பிள்ளை மேல் சத்தியம் பண்ணிச் சொல். நீ சொன்னால் கேட்பார். உன் சத்தியம் இல்லாமல் அம்மா விமானம் ஏற மாட்டாள்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளை நம் யாருடைய மூக்கும் இல்லாமல் நல்லபடியாகப் பிறக்கட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கனமான எதையும் தூக்காதே. அம்மா உன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணியதாக எழுதச் சொன்னாள். அப்பாவும் அப்படியே என்று வைத்துக்கொள்.

உன் தங்கை,
அன்புச்செல்வி

பி.கு.: சத்தியம் எதுவும் பண்ணாதே.

இதை அனுப்பப் போன நேரத்தில் அப்பா கூப்பிட்டார். குரூப்பில் ஒரு பேக்கரிக்கார அம்மா படம் போட்டு எழுதியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை, நல்ல மழையில், அவர் கடை வாசலில் ஒரு பெண்ணின் பையை இரண்டு பேர் பிடுங்கிக்கொண்டு, அவளைக் கீழே தள்ளிவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவள் மழைக்கோட்டில் இருந்ததால் முகம் தெரியவில்லை. இவர் வெளியே வருவதற்குள், "ஒன்றுமில்லை, நானேதான் விழுந்தேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டே அவள் போய்விட்டாளாம். நேற்று ஆற்றங்கரையில் அந்தப் பையும் அதற்குள்ளிருந்த டப்பாவும் கிடைத்திருக்கின்றன. "மூடியில் ஏதோ எழுத்து வெட்டியிருக்கிறது, எங்களால் படிக்க முடியவில்லை. வேலு, இது உங்கள் மொழியா? அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், போலீஸுக்கு நான் சாட்சி சொல்வேன்" என்று கேட்டிருக்கிறார்.

அப்பா சத்தம் போட்டுப் படித்தார். "வே. தேவானை, மந்தைவெளி." நீ புறப்படும்போது அம்மா தன் பெயர் வெட்டிய டிபன் டப்பாவைக் கொடுத்து அனுப்பினாளே, அது. உனக்கு மூன்று தடவை போன் அடித்தோம், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பாத்ரூம் என்றுதான் சொல்லியிருப்பாய்.

அப்பா ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, பழைய கண்டக்டர் தோல் பையை இறக்கி, அதற்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அம்மா மடியில் வைத்தார். "அவ தனியா கீறா. நீ போ" என்றார். அவர் சொன்னது சரியாகிவிட்டது, ஆனால் ஜெயித்த முகம் இல்லை. அம்மா பாஸ்போர்ட்டைத் தொடக்கூட இல்லை. "போறேன். மொதல்ல நீ எழுதிக் குடுத்தத மாத்தி எழுதிக் குடு. எம் பொண்ணுக்கு வுழுந்துட்டேன்னு சொல்லக் கத்துக் குடுத்ததே நாமதான்" என்றாள். அப்பா இப்போது தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். "பறித்துச் சென்றனர்" என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எழுதிவிட்டார். மூன்று பேரும் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறோம். ரைட்டர் வாங்கிக்கொள்ள மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போகிறோம்.

நீயும் போ அக்கா. பேக்கரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், பிடுங்கினார்கள், தள்ளினார்கள் என்று எழுதிக் கொடு. உன் ஊரில் ஐம்பத்தைந்து ஆகட்டும். லட்சத்துக்கு எவ்வளவு என்று அப்பா பெருக்கிக்கொள்வார்.

ரப்பர் மேட் வாங்க வேண்டாம்.