உங்கள் துயரத்தில் நாங்களும்

அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடுவதில்லை என்று சிவபாதசுந்தரம் முடிவெடுத்து வைத்திருந்தார். அம்மாவின் செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து அண்ணன் வராமல் விட்ட அன்று எடுத்த முடிவு. அதன் பிறகு இருவரும் கதைத்ததில்லை.

இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் அண்ணி ரதி செய்தி போட்டிருந்தார். அண்ணன் போய்விட்டார்.

வெள்ளவத்தை மாடிவீட்டின் ஹோலில் இருந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவர் ஒரு வரி தட்டினார். அனுப்பமுதல் மனைவி அன்னபாக்கியத்திடம் நீட்டினார். எழுத்துப்பிழை பார்ப்பது அவள்தான்.

‘உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம்.’

“பேங்கில இருந்து வந்தது மாதிரிக் கிடக்கு,” என்றாள். “உங்கள் எண்டது ஆரை?”

“குறூப்பில இருக்கிற எல்லாரையும்.”

“நீங்களும் அதுக்குள்ளதானே இருக்கிறீங்கள்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

“அதென்ன பங்கு? சொந்தக்காரன் ஆரும் பங்கு கேப்பானோ? முழுக்க அவன்ரதானே.”

“நீ பிழையை மட்டும் பார்.”

“அதைத்தான் பாக்கிறன். நாங்களும் எண்டது ஆர்?”

“நீயும் நானும்.”

“என்னைக் கேட்டனீங்களோ? நான் ரதியக்காவோட சேர்ந்து அழப்போறன். என்னை அதில இருந்து எடுத்துவிடுங்கோ.”

எடுத்தார். ‘நாங்களும்’ ‘நானும்’ ஆயிற்று. ஆனால் அந்த ஒற்றை ‘நானை’ அனுப்ப விரல் வரவில்லை. எண்பத்துமூன்று கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தபோது, முதலில் தம்பியை மதிலுக்கு மேலே தூக்கிவிட்டு, காலில் நெருப்புச் சுட்ட பிறகுதான் அண்ணன் ஏறினார். அந்த அண்ணனுக்கு ‘நானும்’ என்று ஆரோ மூன்றாம் ஆளைப்போல எழுதுவதா?

எல்லாவற்றையும் அழித்தார்.

‘நாம் அண்ணாவை இழந்துவிட்டோம்.’

பிழை பார்க்கக் கொடுக்காமலே அனுப்பினார். பிறகு, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

போன் அடித்தது. ரதி.

“தம்பி, காலமை தொடக்கம் அழுதுகொண்டே இருக்கிறீங்களாம். கதைக்கக்கூட ஏலாமல் கிடக்கிறீங்கள் எண்டு அன்னம் சொன்னவ. அதுதான் நானே எடுத்தனான்.”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“காலமை நான் எங்கை அழுதனான்?”

அவள் முகம் துடைக்கத் துவாயை நீட்டினாள்.

“காலமை சொன்னது பொய்தான். இப்ப சரியாப் போச்சு. கதையுங்கோ.”