சுபைறா பிடித்த முப்பது நோன்பு

சுபைறா அந்த வருஷம் முப்பது நோன்பையும் ஒன்றுவிடாமல் பிடித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். புருஷன் கச்சிமுகம்மது மட்டும் பெருநாள் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு விரல்விட்டு நாள் எண்ணினார். மாதக் குளிப்பு வரும் ஆறேழு நாள் பெண்களுக்கு நோன்பு விலக்கு. இவளுக்கு அந்த நாட்கள் வரவேயில்லை.

"உடம்புக்கு ஏலுமா?"

"நல்லா ஏலும். உங்கட முகந்தான் வாடிக் கிடக்கு."

ஐந்தாவது பிரசவத்தில் அவளுக்கு மூன்று போத்தல் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். இன்னொன்று தங்கினால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருத்துவமாது றஞ்சிதமலர் மிஸி ஆறு மாதத்துக்கு முன் அவள் கையில் ஒரு பெட்டி ஆணுறை கொடுத்தனுப்பினார். கச்சிமுகம்மது அதைத் தொடவேயில்லை. கூட்டாளி ஜவுபர் செய்த வேலை அது.

"றப்பர் நரம்பைச் சுண்டிரும் மச்சான். பிறகு வரம்பில ஏறி நிக்கவும் ஏலாது. கழண்டு உள்ளுக்குப் போனா அவட நெஞ்சில ஏறி அடைச்சிரும்."

கச்சிமுகம்மது ஒவ்வொரு முறையும் "போட்டிட்டன்" என்பார். சுபைறா "ஓம்" என்பாள்.

இப்போதும் ஜவுபரிடமே ஓடினார்.

"வீடு அவட சீதனம். உண்மை தெரிஞ்சா மச்சினன்மார் உன்னத் தூக்கி றோட்டில வெச்சிருவானுகள். சாமான் ஓட்டை எண்டு மிஸிட்டச் சொல்லு."

ஓட்டைக்கு எங்கே போவது? தேசிமரத்து முள்ளை ஒடித்து அத்தனையிலும் குத்திக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

சாமான் ஓட்டை, அவளுக்குக் குளிப்பு நின்றுவிட்டது என்று அவர் சொல்ல, மிஸி பெட்டியை மேசையில் கொட்டினார்.

"காக்கா, இதில எத்தின பாவிச்ச நீங்க?"

"கனக்க."

"முப்பத்தாறு தந்தன். முப்பத்தாறும் கிடக்கு. சுத்தின கடதாசியிலயும் ஓட்டை."

கச்சிமுகம்மது வாங்கில் உட்கார்ந்துவிட்டார். நரம்பும் நெஞ்சடைப்பும் ஜவுபரும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் வாயிலிருந்து வெளியே வந்தார்கள்.

"எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்ல மிஸி. வயலுக்குப் போகக்குள்ளயும் போட்டிட்டே போறன். அவ பிழைச்சாப் போதும்."

"வயலுக்கு வேணாம்," என்றார் மிஸி. "நரம்புக்கு ஒண்டும் ஆகாது. நெஞ்சுக்கு ஏற அங்க வழியுமில்ல. சுபைறாட வயித்தில பிள்ளையும் இல்ல."

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். எப்பிடி மிஸி தெரியும்?"

"மாதக் குளிப்பு நிண்டது மூண்டு மாசத்துக்கொருக்காப் போடுற கருத்தடை ஊசியாலதான் காக்கா, பெட்டியை வாங்கின அண்டைக்கே சுபைறா, 'அவர் போடமாட்டார், எனக்குப் போட்டுவிடுங்க மிஸி' எண்டு கையை நீட்டிட்டா."