தாடியோடு கட்டிய தாலி

என் கல்யாண ஆல்பத்தை யார் கேட்டாலும் நான் காட்டுவதில்லை. கேட்காதவர்களுக்குக்கூட என் மனைவி காட்டிவிடுவாள். அதில் மணமகள் பக்கத்தில், நெஞ்சு வரை தாடியோடு உட்கார்ந்திருப்பவர் ஆசீர்வாதம் பண்ண வந்த சாமியார் இல்லை. நான்தான்.

எல்லாம் கபடியால் வந்தது. ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் ஊர் அணி ஒரு காலத்தில் யாரையும் விட்டுவைத்ததில்லை. பிறகு ஒருவர் போலீஸ் வேலைக்குப் போனார், ஒருவர் துபாய் போனார், இன்னொருவர் கல்யாணமாகி மாமனார் ஊர் அணிக்கே ஆடப் போய்விட்டார் (அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை). புதுப் பையன்களை வைத்து அணியை மறுபடி கட்டப்போவதாகக் கோச் தணிகாசலம் அறிவித்தார். வரிசையாகத் தோற்றோம். ஒவ்வொரு தோல்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

"பொறுமையா இருங்கப்பா. டீமைக் கட்டிக்கினு இருக்கோம்ல."

அவர் கட்ட ஆரம்பித்த அதே மாதம் எங்கள் எதிர்வீட்டுக்காரர் மாடிவீடு கட்ட ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் அவர் கிரகப்பிரவேசம் நடத்தி, அடித்த பெயின்ட் வெளுத்து, இரண்டாவது முறையும் அடித்துவிட்டார். நாங்கள் அஸ்திவாரத்தைத் தாண்டவில்லை.

ஆனாலும் மேட்ச் பார்க்கப் போகும் நாங்கள் யாரும் அணியைக் கைவிடவில்லை. வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மடியில் கட்டிக்கொண்டு போவோம், தோற்றதும் அதைத் தின்றுகொண்டே திரும்புவோம். அந்தக் கூட்டத்தில் என்னைவிடப் பெரிய விசுவாசி கிடையாது என்று காட்ட, ஓர் அமாவாசையன்று மேல்மலையனூர் போய் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அணி ஒரு மேட்சாவது ஜெயிக்கும்வரை தாடி எடுக்கமாட்டேன். அடுத்த வாரமே எடுத்துவிடலாம் என்று நினைப்பு. (ஆத்தாளுக்கு எங்க டீமைப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல.)

இரண்டு வருஷம் ஓடியது. திண்டிவனத்தில் எனக்குப் பெண் பார்த்து நிச்சயமும் ஆனது. கலைவாணி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"வேண்டுதல் உங்களுக்கும் சாமிக்கும் நடுவுலங்க. தாடியோட மேடைக்கு வந்தீங்கன்னா நான் எழுந்து போய்க்கினே இருப்பேன்."

கல்யாணத்துக்கு முன் மிச்சமிருந்தது ஒரே மேட்ச். வளவனூர் அணியோடு, திண்டிவனத்தில்.

விஷயத்தை என் வருங்கால மாமனார் கையில் எடுத்துக்கொண்டார். மைதானத்துக்குக் கலைவாணியோடு வந்தவர், கூடவே ஒரு சலூன்காரரையும் அழைத்து வந்திருந்தார். வளவனூர் அணி நின்ற பாதியை ஒட்டியிருந்த வேப்பமர நிழலில் நாற்காலி, கண்ணாடி, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் தயார்.

"ஜெயிச்சதும் ஜல்தியா முடிச்சிடலாம் மாப்ளே" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். கழுத்தில் வெள்ளைத் துணியும் கட்டியாகிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எங்கள் பையன்கள் ஆடினார்கள். கடைசியாகப் பாடிப் போகும் முறை எங்களுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் சமம். எங்கள் அணிப் பையன் ஏழுமலை பாடிக்கொண்டே உள்ளே போனான். ஒருவரைத் தொட்டான். பிடிக்கப் பாய்ந்த இரண்டு பேர் வெறும் மண்ணைப் பிடித்தார்கள். மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடியபடியே வந்து நடுக்கோட்டைத் தொட்டால் ஜெயித்தோம். கோட்டுக்கு இன்னும் இரண்டடி.

மூன்று வருஷம் காத்திருந்த எனக்கு அந்த இரண்டடி காத்திருக்க முடியவில்லை. வெள்ளைத் துணி பறக்க ஓடிப்போய் ஏழுமலையை இடுப்போடு தூக்கிவிட்டேன்.

"ஐயோ, உடுண்ணே. இன்னும் கோட்டைத் தொடல" என்றான்.

அவன் வாயைத் திறந்து அதைச் சொன்னதும் பாட்டு அறுந்துபோனது. நடுவர் விசில் ஊதி அவனை அவுட் என்றார். ஒரு பாயின்டில் தோற்றோம். வளவனூர் கேப்டன் என்னைத் தேடி வந்து கைகொடுத்தார்.

"இன்னைக்கு எங்க பக்கம் நல்ல புடி நீ புடிச்சதுதாண்ணே."

கோச் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பொறுமையைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சலூன்காரர் என் கழுத்துத் துணியை அவிழ்த்து உதறி மடித்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு அழுகை வந்தது. டீமும் போச்சு, கல்யாணமும் போச்சு என்றே நினைத்தேன்.

கலைவாணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூணு வருசமா தோத்துக்கினே இருக்கற டீமா இது?"

"ஆமா."

"அப்பகூட நீங்க உடல?"

"இல்ல."

"அப்ப என்னையும் உடமாட்டீங்க. தாடியோடவே வாங்க" என்றாள்.

கல்யாணமாகி ஐந்தாவது மாதம் எங்கள் அணி ஜெயித்தது. ஏழுமலை கோட்டைத் தாண்டும்வரை கலைவாணி என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அன்று தாடி போனது. பேச்சு மட்டும் போகவில்லை. வீட்டில் நான் எதற்காவது முந்திக்கொண்டு சந்தோஷப்பட்டால், "கோட்டைத் தொட்டாச்சா?" என்பாள்.

போன வருஷம் பிரசவ அறைக்கு வெளியே நானும் மாமனாரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது, நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓட, பின்னாலிருந்து மாமனார் என் சட்டையை எட்டிப் பிடித்தார்.

"இருங்க மாப்ளே. கொழந்த இன்னும் பொறக்கல. அந்தம்மா டீ சாப்புடப் போறாங்க."